சாமி கும்பிடுகிற பிள்ளைகள்தான் அவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அரிவாள் தூக்குவதற்கும் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபடுவதற்கும் காரணம், வீட்டில் அடித்து வளர்க்காததும் தெய்வ பயம் போய்விட்டதும்தான் என்று எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் உண்மையானது. பேரன் வயதுப் பிள்ளைகள் ஆம்புலன்சிலும் போலீஸ் வண்டியிலும் போவதைப் பார்த்து வயிறு எரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு தென் மாவட்டம் ஒன்றில் இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று ஆண்டு உறுப்பினராக இருந்தேன். நீதித்துறை நடுவர் ஒருவர், சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர், அந்த இரண்டு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெண் உறுப்பினர் நான். 18 வயது நிரம்பாத பிள்ளை வழக்கில் சிக்கினால் எங்கள் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதில் நான் சொல்லப்போகும் பிள்ளைகளின் பெயர், ஊர், சாதி எதையும் எழுதமாட்டேன், சட்டமும் விடாது, என் மனசும் விடாது. ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நன்னடத்தை அலுவலர் ஒரு சமூக விசாரணை அறிக்கை கொடுப்பார். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. வீடு எப்படி, வருமானம் எவ்வளவு, அப்பா அம்மா ஒற்றுமையா, குடும்பத்தில் வேறு யார்மேலாவது வழக்கு உண்டா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா, கூட்டாளிகள் யார் என்று பக்கம் பக்கமாகக் கேட்டுவிட்டு, நடுவில் ஒரு வரி வரும்: மதம் குறித்த மனப்பான்மை. அதற்கு எதிரே பெரும்பாலும் மூன்றே சொல்தான் இருக்கும். கடவுள் நம்பிக்கை உண்டு. மூன்று ஆண்டில் அந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்த ஒரு அறிக்கைகூட எனக்கு நினைவில்லை. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவோம், நானும் போயிருக்கிறேன். அங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பையன், பதினாறு வயது, கூடப் படிக்கிறவனை வெட்டிய வழக்கு. வழக்கில் சிக்கிய பிள்ளைகளை விசாரணைக் காலத்தில் வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு வந்த முதல் வாரம் அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி, செவ்வாய் வெள்ளிக்கு முட்டை போடாத சாப்பாடு கிடைக்குமா என்று. மூன்று வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவன். கார்த்திகையில் அவன் மாலை போட்டிருந்தால் பெற்ற தகப்பனே 'சாமி, சாப்பிட வாங்க' என்றுதான் கூப்பிடுவாராம். ஆச்சி ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தானையில் திருநீறு முடிந்து கொண்டுவந்து, காவலுக்கு வந்தவரிடம் கெஞ்சி, அவன் நெற்றியில் பூசிவிட்டுப் போவாள். 'எம் பேரன் சாமி கும்பிடுத பய டீச்சர், அவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவன் சாமி கும்பிடுகிற பையன்தான். கையில் ஒரு கயிறும் இருந்தது, அதன் நிறம் என்ன, அந்த நிறம் எந்தச் சாதித் தெருவுடையது என்பது எங்கள் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் 'கோயில் கயிறு' என்பான். கோயிலில்தான் கட்டினார்கள், அதுவும் பொய் இல்லை.

அவனிடம் நான்கைந்து தடவை பேசிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அடிபட்ட பையன் இவர்கள் தெரு வழியாக பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனானாம். அவ்வளவுதான் காரணம். அது எப்படி ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆளை வெட்டுகிற அளவுக்குப் பெரிய விஷயமாகும்? தாத்தா சின்ன வயதிலிருந்து சொன்ன பழைய சண்டைக் கதைகள், 'நம்ம ஆளுக' 'அவனுக' என்று வீட்டில் சோறு போடும்போதே நடக்கும் பேச்சு, அப்புறம் அந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தாய்மாமன் அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ். அதில் இந்தப் பையன் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறான், பக்கத்தில் அரிவாள் படம், கீழே ஒரு வீர வசனம், எல்லாவற்றுக்கும் மேலே அம்மன் படம். மாமா அதை போனில் என்னிடம் காட்டினார், இவனை எல்லோரும் எவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறோம் என்பதற்குச் சாட்சியாக. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பத்தாவதில் இவன் கணக்கில் நல்ல மார்க் வாங்கியபோது இப்படி ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டிப்பு இல்லாத வீடு என்று அதைச் சொல்லவே முடியாது. அப்பா பெல்ட்டைக் கழற்றினால் தெருவே அடங்கும் என்று அம்மா சொன்னாள். 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்கிற பழமொழியை அந்தப் பெரியவரும் தன் கடிதத்தில் எழுதியிருந்தார், வகுப்பறையில் நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் வன்முறை வழக்கில் என் முன்னால் வந்து நின்ற பிள்ளைகளில் அடிபடாத பிள்ளையை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுப்பது என்பதை அவர்கள் வீதியில் கற்கவில்லை. வீட்டில், அம்மா அடி வாங்கும்போது, கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவனிடம் வன்முறையைச் சந்தித்திருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த வீடுகளிலெல்லாம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், சாமி படங்களும் இருக்கின்றன.

அப்புறம் அந்தக் கடிதத்தில் 'அப்பன் இல்லாத பிள்ளை' என்று ஒரு சொல் வந்திருந்தது. அதற்கு நான் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். வாய்தா நாளில் காலை பத்து மணிக்கு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் யார் தெரியுமா? பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, அன்றைக்கு வர வேண்டிய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்த தாய்மார்கள். அதில் பாதிப் பேர் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் பெரும்பாலும் மறுபடி வழக்கில் வரவில்லை, இதை நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அப்பா உயிரோடு இருக்கிற வீடுகளில் அப்பா வந்தது குறைவு. வந்தாலும் 'இவன் எனக்குப் பிறக்கவே இல்லைன்னு நினைச்சுக்கிடுதேன்' என்று அந்தப் பிள்ளை காதுபடச் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது ஏறும்? வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, ராத்திரி எட்டு மணிக்கு 'எங்கே இருக்க, யார்கூட இருக்க' என்று கேட்க ஒரு ஆளாவது இருக்கிறாரா, கேட்டால் அடி விழாது என்று நம்பி அவனால் உண்மையைச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

நாங்குநேரியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் வள்ளியூரில் அவனோடு அதே பள்ளியில் படித்த பிள்ளைகள். தன்னை அவர்கள் படுத்திய பாட்டைப் பள்ளியில் புகாராகச் சொன்ன அன்று ராத்திரியே இது நடந்தது. அந்த மாணவன் பிழைத்து எழுந்து, மறு வருஷம் பொதுத் தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். பாராட்டுவதற்கு எல்லோரும் போனோம். ஆனால் வெட்டிய பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர்கள் எங்கோ வானத்திலிருந்து குதித்தவர்களா? அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள், குலதெய்வம் இருக்கிறது, வருஷா வருஷம் கொடை நடக்கிற ஊரில்தான் வளர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் நிறக்கயிறு வேண்டாம், மோதிரம், நெற்றித் திலகம் வேண்டாம் என்றெல்லாம் பரிந்துரைகள். வந்த மறுநாளே பேச்சு முழுக்கத் திலகத்தைப் பிடித்துக்கொண்டது. மதத்தில் கை வைக்கிறார்கள் என்று ஒரு பக்கம், மூடநம்பிக்கை என்று இன்னொரு பக்கம். நெற்றியில் திருநீறு பூசுகிற உரிமை எல்லோருக்கும் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், நானே பூசுகிறவள். ஆனால் அந்தச் சத்தத்தில் கயிறு தப்பித்துப் போய்விட்டது. 2019-இலும் இப்படித்தான் ஆனது, பள்ளிக் கல்வித் துறையிலிருந்து கயிறுக்கு எதிராக ஒரு சுற்றறிக்கை போனது, மத உணர்வு என்று எதிர்ப்பு வந்ததும் அப்படியே அடங்கிப்போனது. சாமி பெயரைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தான்.

இதை ஒரு மதத்தின் மேல் மட்டும் சுமத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் எழுப்பித் திருப்பலி நடத்திய தேவாலயமும் ஒரு காலத்தில் இருந்தது, வடக்கன்குளத்தில். சுவர் போனது, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி வாசல் இன்றும் எத்தனையோ ஊர்களில் உண்டு. வழக்கில் வந்த இன்னொரு பையனின் கதை இது. பைக் திருட்டு, செல்போன் பறிப்பு, கஞ்சா. வீட்டில் பைபிள் வாசிக்காமல் சாப்பிட மாட்டார்கள். அவன் மாறிப்போனது தெரிந்ததும் அம்மா அவனை ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அங்கே பிசாசு பிடித்திருக்கிறது என்று சொல்லி மாதக்கணக்கில் கை வைத்து ஜெபித்தார்கள். அந்த மாதங்களில்தான் அவன் பொட்டலம் வாங்குகிறவன் நிலையிலிருந்து விற்கிறவன் நிலைக்குப் போனான். அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அப்பா டாஸ்மாக்கிலிருந்து வந்து அறைந்ததில் போன காது. பிசாசைத் தேடிய யாரும் அந்தக் காதைப் பற்றிக் கேட்கவில்லை.

பாய் வீட்டுப் பையன் ஒருவன், அவனும் கஞ்சா வழக்குத்தான். பதினோரு மாதமாகக் குடும்பத்துக்குத் தெரியும், ஆனால் ஜமாத்துக்குத் தெரிந்தால் அக்காவுக்கு மாப்பிள்ளை அமையாது என்று மூடி மறைத்துவிட்டார்கள். இந்து வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் இதே பயம்தான், பெயர்தான் வேறு. கடவுளுக்குப் பயந்து ஒரு தவறைத் திருத்திய குடும்பங்களைவிட, கடவுள் பெயரால் கூடுகிற ஊருக்குப் பயந்து தவறை ஒளித்த குடும்பங்கள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

1969-இல் அமெரிக்காவில் ஹிர்ஷி, ஸ்டார்க் என்று இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டு ஆராய்ந்தார்கள். வாராவாரம் தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் தவறு செய்வதில் வித்தியாசமே தெரியவில்லை என்று முடிவு வந்து பெரிய விவாதம் ஆனது. பின்னாளில் ஸ்டார்க்கே அதைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தனி ஒருவனின் பக்தி போதாது, அவனைச் சுற்றி இருக்கிற கூட்டமே அந்த நம்பிக்கையை மதித்து நடக்கிற இடங்களில் மட்டும் மதம் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகிறது என்று சொன்னார். உறுப்பினர் ஆனபோது நடந்த பயிற்சியில் இதைச் சொன்னார்கள். அப்போது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று பார்க்கும்போது அது அப்படியே நம் கதையாக இருக்கிறது. சாமி ஒன்றைச் சொல்கிறது, சாமியைச் சுற்றி நிற்கிற மாமன் மச்சான் கூட்டம் வேறொன்றைச் சொல்கிறது. பதினைந்து வயதுப் பையன் கூட்டம் சொல்வதைத்தான் கேட்பான்.

சரி, சாமி என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

அந்தச் செவ்வாய் வெள்ளிப் பையனிடம் ஒருநாள் பேச்சு வாக்கில் எந்தக் கோயில் உனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். காரையாறு சொரிமுத்து அய்யனார் என்றான். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போய்க் குடில் போட்டுத் தங்குவார்களாம், ஆற்றில் குளிப்பது, பொங்கல் வைப்பது எல்லாம் கண் விரியச் சொன்னான். அங்கே பட்டவராயன் சந்நிதியில் செருப்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறதே, ஏன் தெரியுமா என்றேன். தெரியாது. வருஷா வருஷம் போகிறான், யாருமே சொல்லவில்லை. நான் சொன்னேன். முத்துப்பட்டன் என்று ஒரு பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்று சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவர் மேல் ஆசைப்பட்டு அவர்கள் அப்பா வாலப்பகடையிடம் பெண் கேட்டான். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றார் அவர். எல்லாவற்றையும் செய்தான். கல்யாணம் முடிந்த கையோடு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு மாமனார் மந்தையைக் காக்கப் போய்ச் செத்தான். அந்த இரண்டு பெண்களும் அவனோடு தீயில் இறங்கினார்கள். அவனைத்தான் பட்டவராயன் என்று கும்பிடுகிறோம், அவன் செய்த தொழிலுக்கு மரியாதையாகத்தான் செருப்பு நேர்ந்து கட்டுகிறோம். அந்தப் பெண்களைப் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்று ஆக்கிப் பிற்காலத்தில் கதையை மாற்றிப் பாடினார்கள் என்பதையும் சொன்னேன்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு 'நெசமாவா டீச்சர்? அப்போ அந்தச் சாமி என்ன ஆளு?' என்று கேட்டான். நீயே சொல்லு என்றேன். பதில் சொல்லவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வரும்போது கையில் கயிறு இல்லை. நான் கழற்றச் சொல்லவில்லை, அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு கதை சொல்லி ஒருவன் திருந்திவிட்டான் என்று நான் எழுதவில்லை, அவன் வழக்கு நீண்ட நாள் நடந்தது, அவனுக்கு நிறையப் பேர் நிறையச் செய்தார்கள். ஆனால் எங்கள் நெல்லைச் சீமையில் கும்பிடும் தெய்வங்களில் பாதி, அநியாயமாக வெட்டுப்பட்டும் எரிந்தும் செத்த மனிதர்கள். அவர்கள் செத்த நியாயத்தை வில்லுப்பாட்டிலும் கணியான் கூத்திலும் ராத்திரி முழுக்கப் பாடிக் கேட்டு அழுதுதான் நம் முன்னோர் விடிய வைத்தார்கள். வெட்டினவனை யாரும் சாமியாகக் கும்பிடவில்லை ஐயா, வெட்டுப்பட்டவனைத்தான் கும்பிட்டோம். இப்போது வில்லுக்காரர் பாடத் தொடங்கும்போது பந்தலில் பத்துக் கிழவிகள் இருக்கிறார்கள், பையன்கள் செண்டைக்கும் டிஜேக்கும் பின்னால் ஆடிக்கொண்டு போய்விடுகிறார்கள், கோயிலில் இருக்கும் அரிவாள் மட்டும் ஃப்ளெக்ஸில் ஏறியிருக்கிறது.

அந்தக் காது கேளாத பையன் என்ன ஆனான் என்று சொல்ல வேண்டும். அவனைக் குழுமம் நன்னடத்தையின் பேரில் அம்மாவோடு அனுப்பியது. வீட்டுக்குப் போனால் அதே அப்பா, அதே தெரு, அதே கூட்டாளி. அவர்கள் ஆலயத்தில் மணி அடிக்கிற ஒரு பெரியவர் இருந்தார், படிப்பு அதிகம் இல்லை, பிரசங்கம் செய்கிறவரும் இல்லை. அவர் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய், எனக்கு முட்டு வலி, ஜெனரேட்டர் போடவும் மைக் செட் கட்டவும் ஒரு ஆள் வேண்டும், இவனை அனுப்பு என்று கேட்டிருக்கிறார். திருட்டு வழக்கில் இருக்கிற பிள்ளையிடம் ஆலயத்துச் சாவியைக் கொடுக்கலாமா என்று சபையில் சத்தம் போட்டார்கள். ஏதாவது காணாமல் போனால் நான் கட்டுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காதுக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். ஞாபகம் வைத்திருக்கிறேன், மூன்றாவது மாதம் அவன் வாய்தாவுக்கு வரும்போது கையில் ஒயர் வெட்டுகிற கட்டிங் பிளேயரோடு வந்து, அதைக் காவலர் வெளியே வாங்கி வைத்ததும், 'சாயங்காலம் ஆராதனை இருக்கு, தந்துருங்க சார்' என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தான். இன்றைக்கு சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில், பிள்ளையைப் பெற்றோரிடம் மட்டுமில்லாமல் தகுதியான நபர் என்று குழுமம் ஏற்றுக்கொள்கிற ஒருவருடைய பொறுப்பிலும் மூன்று ஆண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். பொறுப்பேற்க மனமும் தகுதியும் உள்ள யாரும் முன்வரலாம், விசாரித்து ஏற்றுக்கொள்வார்கள். நான் இருந்த மூன்று ஆண்டில் ஒரு கோயில் நிர்வாகக் கமிட்டியிலிருந்தோ சபையிலிருந்தோ ஜமாத்திலிருந்தோ 'எங்கள் ஊர்ப் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர்கூட வரவில்லை. வக்கீல் வைத்துக் கொடுக்க வந்தார்கள், சாதிக்காரன் என்பதால். அது வேறு. வக்கீல் பீஸ் கட்டிவிட்டு, வெளியே வந்ததும் மாலை போட்டு அழைத்துப் போனார்கள், அந்த மாலையைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் கெட்டார்கள். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்தால் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களுக்கு எழுதியவரும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்றுதான் முடித்திருந்தார். ஃப்ளெக்ஸ் அடித்த மாமாவுக்கும் மாலை போட்டவர்களுக்கும் அதில் ஒரு தண்டனையும் கிடையாது என்பதை அவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரும் மாதங்களில் எங்கள் பக்கம் கொடைகள் தொடங்கிவிடும். கால் நாட்டுவதற்கு முன்னால் வரி பிரிக்கக் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் மேளம் எவ்வளவு, பந்தல் எவ்வளவு என்று பேசும்போதே, சின்னப் பிள்ளைகள் படம் போட்ட ஃப்ளெக்ஸ் இந்த வருஷம் கிடையாது, ஆயுதப் படம் கிடையாது, கையில் கட்டுகிற காப்பு மஞ்சள் கயிறு மட்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளட்டும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஒவ்வொரு வருஷமும் சாதி அடையாளம், நிஜ ஆயுதம் கொண்டுவரக்கூடாது என்று காவல்துறை அறிவிக்கிறது. அதைக் காவல்துறை வந்துதான் சொல்ல வேண்டுமா, சாமிக்கு நோன்பு இருக்கிற நமக்குத் தெரியாதா? பிள்ளைகளை உட்காரவைத்துச் சாமியின் கதையை யாராவது ஒருவர் சொல்லட்டும். வீட்டுப் பெரியவர்கள் சோறு போடும்போது பேசுகிற பேச்சைக் கொஞ்சம் கவனிக்கட்டும், அதற்கு எந்தக் கமிட்டியும் வேண்டாம்.

அப்புறம் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறார் வழக்குகளில் பெயரைப் போடுவதில்லை என்பது சரி. ஆனால் பள்ளியின் பெயர், தெரு, அப்பாவின் தொழில், வகுப்பு எல்லாம் செய்தியில் வந்துவிடுகிறது, ஊரில் யாருக்கும் ஆளைத் தெரியாமல் இருப்பதில்லை. சட்டத்தில் 74-ஆம் பிரிவு இதைத்தான் தடுக்கிறது. அந்தச் செய்தித் துணுக்கை வெட்டிப் பத்திரமாக மடித்து வைத்திருந்த தாயை எனக்குத் தெரியும். எதற்கு வைத்திருக்கிறாய் என்றால், 'பொண்ணு பார்க்க வந்தவுக இதைக் காட்டிக் கேட்டாவ டீச்சர், அவுக போட்டுட்டுப் போயிட்டாவ' என்றாள்.

நன்னடத்தை அலுவலர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதம் குறித்த மனப்பான்மை என்கிற அந்த வரியில் 'நம்பிக்கை உண்டு' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். இந்தப் பிள்ளை போகிற கோயிலிலோ ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ இவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர் யார், அவர் வீடு எங்கே என்று கேட்டு எழுதுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.